எதிர்காலம் முன்பே தெரியுமா? உளவியல் துறையை உலுக்கிய ஆய்வும் ‘பி வேல்யூ’ குழப்பமும்

2011-ம் ஆண்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேரில் பெம் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இனிமேல் நடக்கப்போவதை மனிதர்களால் முன்கூட்டியே உணர முடிகிறது என்பதுதான் அதன் சாராம்சம். ஜோசியக்காரர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அது வெளியானது உளவியல் துறையின் முன்னணி ஆய்விதழ்களில் ஒன்றில். 9 பரிசோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். பயன்படுத்தியதும் உளவியல் மாணவர்கள் கல்லூரியில் படிக்கும் அதே ‘ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங்’, அதாவது கருதுகோள் சோதனைதான்.

அப்படியானால் தப்பு எங்கே? அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு கப் டீயில் இருந்து தொடங்க வேண்டும்.

டீயில் தொடங்கிய கணக்கு

1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் முரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி இருந்தார். கப்பில் முதலில் பால் ஊற்றினார்களா, டீ ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்பது அவரது வாதம். உடன் பணியாற்றிய புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இதை வைத்து ஒரு சோதனையை வடிவமைத்தார். 1935-ல் வெளியான தன் புத்தகத்திலும் அதை விளக்கினார்.

மொத்தம் 8 கப். 4-ல் பால் முதலில், 4-ல் டீ முதலில். எவை பால் முதலில் ஊற்றிய 4 கப் என்று சொல்ல வேண்டும். ‘இவருக்கு அந்தத் திறமை இல்லை, சும்மா ஊகிக்கிறார்’ என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இதுதான் ‘நல் ஹைப்பாதிசிஸ்’. (‘நல்’ என்றதும் நல்ல என்று படித்துவிட வேண்டாம். தமிழில் இன்மைக் கருதுகோள்.) 8 கப்பில் இருந்து 4-ஐத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. எனவே வெறும் ஊகத்தில் நான்கையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பு, சுமார் 1.4%. இந்த எண்தான் பி வேல்யூ.

மூன்று மட்டும் சரியாக வந்தால்? ஊகத்திலேயே மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 24% வாய்ப்பு இருக்கிறது. அப்போது இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. அதற்காக அவருக்குத் திறமை இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். பல மாணவர்கள் ‘இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது’ என்று எழுதிவிடுவது இந்த இடத்தில்தான்.

பி வேல்யூ எதைச் சொல்லவில்லை?

1.4% என்றால் ‘அவர் ஊகிப்பதற்கு 1.4% வாய்ப்பு, திறமை இருப்பதற்கு 98.6% வாய்ப்பு’ என்று அர்த்தமில்லை. அவர் ஊகிப்பதாக வைத்துக்கொண்டால் இப்படி ஒரு முடிவு வருவது எவ்வளவு அரிது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

மழை பெய்தால் ரோடு நனையும். ஆனால் ரோடு நனைந்திருப்பதை வைத்து மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர் லாரி போயிருக்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

பொதுவாக பி வேல்யூ 0.05-க்குக் கீழே வந்தால் ‘சிக்னிஃபிகன்ட்’ என்கிறார்கள். இந்த 5% எல்லை இயற்கை விதி எல்லாம் இல்லை. 1925-ல் ஃபிஷர் தன் புத்தகத்தில் வசதிக்காகச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது. அந்தச் சொல்லை ‘முக்கியத்துவம் வாய்ந்த’ என்று மொழிபெயர்ப்பதும், ‘ஆய்வில் நிரூபணம்’ என்று தலைப்பு வைப்பதும் எங்களைப் போன்ற செய்தித் தளங்கள் செய்யும் வேலை. பெம்மின் முதல் பரிசோதனையையே பாருங்கள். கணினித் திரையில் இரண்டு திரைச்சீலைகள், எதன் பின்னால் படம் வரும் என்று 100 மாணவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன பிறகுதான் கணினி படத்தின் இடத்தைத் தீர்மானிக்கும். பாலியல் படங்களுக்கு மட்டும் 53.1% சரியாக வந்தது, பி வேல்யூ 0.01. மற்ற படங்களுக்கு 49.8%, அதாவது காசு சுண்டிப் பார்த்த மாதிரி. ‘சிக்னிஃபிகன்ட்’ என்று சொல்லப்பட்டது 50-க்கும் 53-க்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான்.

பாட்டுக் கேட்டால் வயது குறையுமா?

அதே 2011-ல் ஜோசஃப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வேறொரு கட்டுரை எழுதினார்கள். பீட்டில்ஸ் குழுவின் ‘வென் ஐ ஆம் சிக்ஸ்டி ஃபோர்’ பாடலைக் கேட்ட மாணவர்களின் வயது, வேறு இசை கேட்டவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் குறைந்துவிட்டதாம்! பாட்டுக் கேட்டு இளமையாகத் தோன்றியதாக அல்ல, வயதே குறைந்ததாக. 20 மாணவர்கள், பி வேல்யூ 0.04. விதிப்படி ‘சிக்னிஃபிகன்ட்’.

நடக்கவே முடியாத ஒன்றைக் கணக்கில் வரவைத்துக் காட்டுவதுதான் அவர்களின் நோக்கம். எப்படிச் செய்தோம் என்று அதே கட்டுரையில் போட்டு உடைத்தார்கள். உண்மையில் பங்கேற்றது 34 பேர், மூன்றாவதாக இன்னொரு பாட்டும் இருந்தது. அப்பா வயது, அம்மா வயது, அரசியல் சார்பு, 100-ன் வர்க்கமூலம் என்று பல கேள்விகள் கேட்டு, அதில் அப்பா வயதை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். சுமார் 10 பேர் முடியும் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ‘நான் ஜெயிக்கிற வரைக்கும் மேட்ச் முடியாது’ என்பானே ஒருவன், அந்த மாதிரி.

இதன் கணக்கு எளிது. உண்மையில் எந்த விளைவும் இல்லாத ஒன்றை 5% எல்லையில் ஒருமுறை சோதித்தால், தவறாக ‘இருக்கிறது’ என்று வர 5% வாய்ப்பு. இதற்குப் பெயர் முதல் வகைப் பிழை. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால் ஒன்றாவது அப்படி வர 64% வாய்ப்பு! அந்த ஒன்றை மட்டும் கட்டுரையாக எழுதினால் படிப்பவருக்கு மீதி 19 பற்றித் தெரியவே தெரியாது.

பிறகு என்ன ஆனது?

பெம்மின் கட்டுரை வந்த அதே இதழிலேயே அதன் புள்ளியியல் முறையை விமர்சித்து ஒரு கட்டுரை வெளியானது. அவரது ஒன்பதாவது பரிசோதனையை பிரிட்டன் ஆய்வாளர்கள் மூன்று முறை திரும்பச் செய்தார்கள், ஒன்றிலும் விளைவு வரவில்லை. ஆனால் பெம்மின் கட்டுரையை வெளியிட்ட இதழோ, ‘ஏற்கெனவே வந்த ஆய்வைத் திரும்பச் செய்ததை நாங்கள் வெளியிடுவதில்லை’ என்று திருப்பி அனுப்பியது. 2012-ல் அது வேறு இதழில் வந்தது. முதல் ஆய்வைவிட இந்த பதில்தான் பலரைக் கோபப்படுத்தியிருக்க வேண்டும்.

2015-ல் இன்னும் பெரிய அடி. உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை ஒரு சர்வதேசக் குழு திரும்பச் செய்தது. மூல ஆய்வுகளில் 97% ‘சிக்னிஃபிகன்ட்’. திரும்பச் செய்தபோது 36% மட்டுமே.

இப்போது பல ஆய்வாளர்கள் எத்தனை பேரைச் சோதிப்போம், எதை அளப்போம், எந்தக் கணக்குப் போடுவோம் என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே தேதியுடன் பதிவு செய்துவிடுகிறார்கள். சில இதழ்கள் இந்தத் திட்டத்தை மட்டும் படித்துவிட்டே கட்டுரையை ஏற்கின்றன. முடிவு ‘சிக்னிஃபிகன்ட்’ ஆக வந்தாலும் வராவிட்டாலும் அது பிரசுரமாகும்.