வைபவமாலையும் ஈமத்தாழியும்

ஈழத்துத் தமிழர் தம் பிரதேச வரலாற்றை ஆராயப் புகும்போது முதலிற் கையிலெடுப்பது யாழ்ப்பாண வைபவமாலையே எனலாம். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், அவர்தம் அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய உரைநடை நூல் இது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகிய முன்னூல்களைத் தழுவி அமைந்தது. இதிலுள்ள காலக் குழப்பங்களைப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம் அம்முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது.

ஆயின், காலக்கணிப்பைத் திருத்திவிட்டால் மட்டும் இந்நூலின் குறை நீங்கிவிடுமா? மன்னர் யாவர், அவர்களால் எந்த ஊரில் எத்தலைவன் குடியேற்றப்பட்டான் என்பனவே வைபவமாலையின் வினாக்கள். அக்குடியேற்றங்களுக்கு முன்னர் அம்மண்ணில் வாழ்ந்து அம்மண்ணிலேயே அடக்கஞ்செய்யப்பட்ட மக்களைப் பற்றி அறிய நாம் ஈமக்காடுகளை நாடவேண்டியுள்ளது.

1980ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வில், மனித எலும்புக்கூடுகளும் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. பிராமி எழுத்துக்களும் குறியீடுகளும் பொறித்த முத்திரை ஒன்றும் அங்கே கிடைத்தது. அரசகுலப் பெருமை பேசும் நூல்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சான்று இது. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பிலோ ஈமத்தாழிகள் கிடைத்துள்ளன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை ஒப்பிட்டு ஆராயப்பட்டு வருகின்றன. பொம்பரிப்புத் தாழிகள் சிலவற்றில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் ஒருங்கே வைக்கப்பட்டிருந்தன.

இவ்விடத்துப் புறநானூற்றுப் பாடலொன்று நம் நினைவுக்கு வருதல் இயல்பே. கணவனை இழந்தாள் ஒருத்தி, தன்னையும் அவனோடு வைக்கத்தக்க அகன்ற தாழி வனையுமாறு கலஞ்செய் கோவை வேண்டுகின்றாள். எனினும், அப்பாடலைக் கொண்டு பொம்பரிப்பில் ஒருங்கு கிடந்தோர் கணவனும் மனைவியும் எனத் துணிதல் ஆய்வு நெறியாகாது. அவர்தம் உறவு யாதென எலும்புகள் தாமாகக் கூறுவதில்லை. தாழியில் அடக்கஞ்செய்யும் வழக்கம் தமிழரிடை அறியப்பட்டிருந்தது என்பதற்கே பாடல் சான்றாகும். சுடுதல், இடுதல் முதலிய முறைகளோடு தாழியிற் கவித்தலையும் மணிமேகலை குறிப்பிடுவது இதனை மேலும் வலியுறுத்தும்.

அறநூல்களைக் கையாள்வதிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். திருக்குறள் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. நாலடியாரோ செல்வம், இளமை, யாக்கை என்பவற்றின் நிலையாமையைத் தனித்தனியே எடுத்தோதியது. ஆனால், அறநூலொன்று ஒரு கருத்தை வற்புறுத்துவதனால் அக்காலச் சமுதாயம் முழுவதும் அவ்வழி நின்றது என்று கொள்ளலாகாது. பற்றுமிகுந்த மக்களை நோக்கியே பற்றொழிக என்று கூறவேண்டியிருந்தது போலும். இறந்தோரருகே கலங்களை வைத்து அடக்கிய முன்னோரின் செயலில் நாம் காண்பது துறவன்று. பிரிவாற்றாமையும், இறந்தோர்க்கு ஆற்றவேண்டிய கடன் பற்றிய உணர்வுமே எனக் கருத இடமுண்டு.

ஆகவே வைபவமாலை, ஈமக்காடு, அறநூல் ஆகிய மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுவன. ஒன்றன் மௌனத்தை மற்றொன்றால் நிரப்ப முனையும்போது அவற்றின் காலமும் நோக்கமும் வேறென்பதை மறத்தலாகாது.

இவற்றுள் ஈமக்காடே எளிதில் அழியக்கூடியது. ஏடொன்று சிதைந்தால் வேறொரு பிரதிகொண்டு பாடத்தை மீட்க முயலலாம். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகையில் உடைந்த தாழியை மீண்டும் ஒட்டலாமாயினும், அது எந்த மண்ணடுக்கில், எவற்றின் அருகே கிடந்தது என்பதைப் பின்னர் எவராலும் அறிய இயலாது. நம் ஊர்களில் மண் வெட்டும்போது பானையோடோ எலும்போ தோன்றின், வேலையை நிறுத்தி உரியோர்க்கு அறிவிக்குமாறு மக்களுக்கு எடுத்துரைத்தல் வரலாறு பயிலும் மாணவர் ஒவ்வொருவரதும் கடனாகும். பெயர் எழுதப்படாத அம்மக்களுக்கு அந்த மண்ணன்றி வேறு வைபவமாலை இல்லை.