நாவல் மர நிழலில் சித்தார்த்தர்

நள்ளிரவில் உறங்கும் மனைவி யசோதரை, அருகே பச்சிளம் மகன் இராகுலன், வெளியே கந்தகன் என்னும் குதிரையோடு காத்திருக்கும் தேரோட்டி சன்னன். சித்தார்த்தரின் துறவு என்றதும் நம் கண்முன் எழுவது இந்தக் காட்சிதான். பழைய பாலி சூத்திரங்களில் இது இல்லை.

அரியபரியேசன சூத்திரத்தில் புத்தரே தம் துறவைச் சொல்கிறார். தலைமயிர் நரைக்காத இளமையில், தாயும் தந்தையும் மனமொப்பாமல் கண்ணீர் வடிக்க, முடி மழித்துத் துவராடை உடுத்து வீட்டைவிட்டுப் போனாராம். அப்போது அவருக்கு 29 வயது. மாயாதேவி பிள்ளை பெற்ற ஏழாம் நாளே மறைந்துவிட்டார் என்பது மரபு. ஆகவே அழுத தாய், அவரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி என்றே கொள்ளலாம். வளர்த்தவர் அழுகையை நேர்நின்று கண்டபின் புறப்படுவதற்கு, இருளில் புறப்படுவதைவிட மிகுந்த உறுதி வேண்டும்.

அவரைத் துறவுக்குத் தூண்டியதாகச் சொல்லப்படும் கிழவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளும் பழைய சூத்திரங்களில் அவருடைய கதையாக இல்லை. தீக நிகாயத்தின் மகாபதான சூத்திரம் அவற்றை விபஸ்ஸி என்னும் முற்காலப் புத்தரின் வரலாறாகவே விரிக்கிறது. அசுவகோசரின் புத்தசரிதம் போன்ற பிற்கால நூல்களில் அவை கௌதமரின் வாழ்க்கையாகப் பாடப்பட்டன. காவியச் சுவைக்கு அது பொருத்தமே. ஆனால் அங்குத்தர நிகாயத்தில் கௌதமர் தம் இளமையைப் பற்றிக் கூறுவது இன்னும் ஆழமானது. பருவத்துக்கு ஒன்றாக மூன்று மாளிகைகள், தாமரைக் குளங்கள், காசித் துணி என்று வாழ்ந்த நாளிலேயே அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார்: நானும் மூப்படையப் போகிறவன், மூத்தவரைக் கண்டு அருவருப்பது எனக்குத் தகுமா? அந்தக் கேள்வியில் இளமைச் செருக்கு அழிந்தது என்கிறார். நோயும் சாவும் பற்றியும் அவ்வாறே எண்ணினார். கண்ட காட்சியைவிடத் தம் அருவருப்பைத் தாமே கண்டுகொண்ட நேர்மைதான் அவரை மாற்றியது.

இன்னொரு நினைவும் உண்டு. தந்தை வேலையில் இருந்தபோது சிறுவன் சித்தார்த்தன் நாவல் மர நிழலில் தனியே அமர்ந்து முதல் தியான நிலையை எய்தினான். பிற்கால உரைகள் அந்நாளைப் பொன்னேர் பூட்டும் விழாவாக்கிவிட்டன. அந்நினைவைச் சொல்லும் மகாசச்சக சூத்திரத்தில் அத்தகைய ஆரவாரம் இல்லை. ஆனால் உருவேலை என்னும் இடத்தில் உடலை வருத்தி எலும்பும் தோலுமாகிப் பயன் காணாதபோது அவர் நினைவுக்கு வந்தது இந்த நிழல்தான். ஞானத்துக்கு வழி இதுவோ என்று எண்ணி, மீண்டும் உணவு கொண்டார். போதி மரத்தடிக்கு அவரைக் கொண்டுசேர்த்தது சிறுவயது அனுபவம் ஒன்று என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

பிள்ளைகளுக்குப் புத்தர் கதை சொல்வோர் அரண்மனையையும் குதிரையையும் சொல்லட்டும். கூடவே இந்த நாவல் மரத்தையும் சொல்ல வேண்டும்.