செக்ரட்டரிகள் எழுதிய நிரல் - ஈமேக்ஸ் வந்த கதை

போன செமஸ்டரில் என் குறிப்புகள் பாதி காணாமல் போயின. ஒரு வருடமாக ஓர் இலவச நோட்ஸ் செயலியில்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் திறந்தால், இந்தச் சேவை நிறுத்தப்படுகிறது என்று ஒரே ஒரு வரி. டவுன்லோடு செய்துகொள்ளச் சொல்லிக் கொடுத்த கோப்பைத் திறந்தேன். சமன்பாடு இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள்.

புலம்பியபோது ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணா சொன்னார்: "வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிப் பழகுடா. ஈமேக்ஸ் போட்டுக்கோ." போட்டேன். முதல் நாள் அதிலிருந்து வெளியே வரக்கூடத் தெரியவில்லை. (கண்ட்ரோல்-எக்ஸ், அப்புறம் கண்ட்ரோல்-சி. நாளைக்கு உங்களுக்கும் உதவும்.) இரண்டாவது வாரம் கோபம் போய் ஆர்வம் வந்தது. யார், எதற்காக இதை இப்படிச் செய்தார்கள்? தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960-களின் தொடக்கம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. அங்கே பி.டி.பி-1 என்று ஒரு கம்ப்யூட்டர். நிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் வைத்திருந்த காலம். கம்ப்யூட்டர் நேரம் தங்கம் மாதிரி. அதன் முன்னால் உட்கார்ந்து யோசித்து யோசித்துத் திருத்துவதெல்லாம் கட்டுப்படியாகாது. டான் மர்ஃபி என்பவர் 1962-63 வாக்கில் இதற்கு ஒரு வழி செய்தார். என்னென்ன திருத்த வேண்டும் என்பதை ஒரு நாடாவில் கட்டளைகளாகத் தயார் செய்துகொள்ள வேண்டியது. அதையும் மூல நாடாவையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் திருத்திய நாடா வெளியே வரும். பெயர் டெக்கோ. நாடாவைத் திருத்துவது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்.

அதாவது, டெக்கோவில் திருத்துவதே ஒரு நிரல் எழுதுகிற வேலைதான். இந்தச் சொல்லைத் தேடு, ஐந்து எழுத்தை அழி, இதைச் செருகு என்று ஓரெழுத்துக் கட்டளைகளாகப் போய்க்கொண்டே இருக்கும். பார்க்க ஏதோ மந்திரத் தகடு மாதிரி இருக்கும். உங்கள் பெயரை டெக்கோவில் கட்டளையாகத் தட்டினால் என்ன நாசம் நடக்கும் என்று ஊகிப்பது அந்தக் காலத்து ஆட்களின் பொழுதுபோக்காம்.

அடுத்த காட்சி, அதே எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம், 1970-கள். இப்போது திரைகள் வந்துவிட்டன, ஆனால் டெக்கோ இன்னும் பழைய வழக்கத்திலேயே இருந்தது. ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்டு ஸ்டால்மன் ஒருமுறை ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக்குப் போனார். அங்கே 'ஈ' என்று ஓர் எடிட்டர். தட்டத் தட்ட எழுத்து திரையில் மாறுகிறது! இன்று நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அன்று அது பெரிய விஷயம்.

திரும்பி வந்து பார்த்தால், கார்ல் மிக்கெல்சன் என்பவர் டெக்கோவிலேயே அப்படி ஒரு வசதியைச் சேர்த்திருந்தார். ஸ்டால்மன் அதை மேம்படுத்தும்போது இன்னொன்றையும் சேர்த்தார்: எந்த விசையை அழுத்தினாலும் நீங்கள் எழுதி வைத்த ஒரு டெக்கோ நிரல் ஓடும்படி செய்யலாம். கதையின் திருப்புமுனை இதுதான். விசைப்பலகையில் எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை எடிட்டரைச் செய்தவர் மட்டுமல்ல, அதில் எழுதுகிறவரும் தீர்மானிக்கலாம்.

விளைவு? ஆளுக்கொரு எடிட்டர். பக்கத்து மேசைக்காரர் உட்கார்ந்து தட்டினால் வேறு ஏதோ நடக்கும். 1976-ல் கை ஸ்டீல் என்ற மாணவர் இந்த நிரல்களையெல்லாம் ஒரே தொகுப்பாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். பிறகு ஸ்டால்மன் அந்த வேலையைக் கையில் எடுத்து முடித்தார். டேவிட் மூன் போன்றவர்களும் உதவினார்கள். திருத்தும் மேக்ரோக்கள் என்பதன் சுருக்கமாக ஈமேக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலெழுத்து ஏன் ஈ? அந்தக் கம்ப்யூட்டரில் 'ஈ' என்ற ஓரெழுத்துச் சுருக்கத்தை வேறு எந்த நிரலும் பிடித்திருக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இலவசமாகத்தான் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை: நீங்கள் ஏதாவது மேம்படுத்தினால் அதை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், நான் எல்லோருக்கும் கொடுப்பேன். இதை ஈமேக்ஸ் கம்யூன் என்றே அழைத்தார்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1978-ல் ஹனிவெல் நிறுவனத்தில் பெர்னார்டு கிரீன்பெர்க் என்பவர் மல்டிக்ஸ் என்ற இயக்குதளத்துக்கு ஈமேக்ஸைப் புதிதாக எழுதினார். டெக்கோவை விட்டுவிட்டு முழுவதையும் லிஸ்ப் மொழியில் எழுதினார். அதை நீட்டிப்பதும் லிஸ்பிலேயே. அந்த அலுவலகத்தில் இருந்த செக்ரட்டரிகளும் இந்த எடிட்டரைப் பயன்படுத்தினார்கள். எடிட்டரை எப்படித் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்வது என்று அவர்களுக்கு ஒரு கையேடு இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவர்கள் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். கையேட்டில் எந்த இடத்திலும் இதற்குப் பெயர் புரோகிராமிங் என்று சொல்லவில்லை! ஆகவே, நமக்கெல்லாம் புரோகிராமிங் வராது என்று நம்பியிருந்தவர்கள் பயப்படாமல் லிஸ்ப் எழுதினார்கள். 2002-ல் ஓர் உரையில் ஸ்டால்மன் சொன்ன தகவல் இது.

முதலாம் ஆண்டு சி பாடத்தில் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. முதல் வகுப்பிலேயே "இது கஷ்டமான பேப்பர்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அன்றே பாதிப் பேர் மனதளவில் ஃபெயில். அந்தச் செக்ரட்டரிகளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். சண்டை இல்லாத மென்பொருள் வரலாறு உண்டா?

1981-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் கோஸ்லிங், யூனிக்ஸில் ஓடும் ஈமேக்ஸ் ஒன்றை சி மொழியில் எழுதினார். (பின்னாளில் ஜாவாவை உருவாக்கிய அதே கோஸ்லிங்தான்.) முதலில் தாராளமாகவே பகிர்ந்தார். 1983-ல் அதன் உரிமையை யூனிபிரெஸ் என்ற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு.

அதே 1983-ல்தான் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1984-ல் அதற்காக ஈமேக்ஸை மறுபடியும் எழுதத் தொடங்கினார். இந்த முறை அடிப்பகுதி சி, மேலே உண்மையான லிஸ்ப். தொடக்கத்தில் திரையில் காட்டும் பகுதிக்குக் கோஸ்லிங்கின் நிரலிலிருந்து கொஞ்சம் எடுத்திருந்தார். யூனிபிரெஸ் ஆட்சேபித்தது. 1985-லேயே அந்தப் பகுதிகளை நீக்கிப் புதிதாக எழுதினார். பரவலாக வெளிவந்த முதல் பதிப்பும் 1985-ல்தான். இணைய இணைப்பு உள்ளவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு 150 டாலருக்கு டேப்பில் பதிந்து அனுப்பினார். அவருக்கு அன்று வருமானமே அதுதான்.

கோஸ்லிங்கை வில்லனாக்க எனக்கு மனமில்லை. ஒரு மாணவர் தனி ஆளாக எத்தனை நாள் ஊருக்கெல்லாம் இலவசமாகப் பராமரிப்பார்? ஆனால் நடந்ததை ஸ்டால்மன் மறக்கவில்லை. நல்ல எண்ணத்தில் பகிர்ந்தது மட்டும் போதாது, நாளைக்கு ஒருவர் கதவை மூடினால் என்ன செய்வது? அதற்குத்தான் உரிமம். 1985-ல் ஈமேக்ஸுக்கென்று ஓர் உரிமம் எழுதினார். அதை எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக்கியதுதான் 1989-ல் வந்த ஜி.பி.எல். இன்று லினக்ஸ் கெர்னல் வெளிவருவது அதன் இரண்டாம் பதிப்பில்.

இங்கே ஒரு நுணுக்கம். 1976-ல் நிபந்தனை, மாற்றினால் எனக்கு அனுப்பு என்பது. எல்லாம் ஒரே ஆளிடம் போய்ச் சேர வேண்டும். புதிய உரிமத்தில் அது இல்லை. மாற்றி உன் வீட்டிலேயே வைத்துக்கொள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். இன்னொருவருக்குக் கொடுத்தால் மட்டும், உனக்குக் கிடைத்த அதே உரிமைகளை மூல நிரலோடு அவருக்கும் கொடு. ஒரு தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பியிருந்த ஏற்பாடு, யார் போனாலும் நிற்கிற ஏற்பாடாக மாறியது. என் நோட்ஸ் செயலியில் இல்லாமல் போனது இதுதான்.

ஈமேக்ஸில் குறையே இல்லையா என்றால், ஏராளம். எஸ்கேப், மெட்டா, ஆல்ட், கண்ட்ரோல், ஷிஃப்ட் என்ற ஐந்து விசைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஈமேக்ஸ் என்று வரும் என்பது பழைய கிண்டல். அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் வலிக்கிறது. 1976-லேயே பில் ஜாய் தொடங்கிய வி.ஐ. எடிட்டரும், 1991-ல் பிராம் மூலெனார் வெளியிட்ட அதன் வாரிசான விம்மும் வேகத்தில் சளைத்தவை அல்ல. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வி.எஸ். கோட்தான். தப்பில்லை. அதில் நாம் போடும் எக்ஸ்டென்ஷன்களும் அந்த ஆய்வகத்து மேக்ரோக்களின் தூரத்துச் சொந்தம்தான்.

ஆனால் குறிப்பெடுக்க என்று வந்தால் எனக்கு இப்போது ஆர்க்-மோடுதான். இதையும் ஒரு பயனர்தான் எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் வானியல் ஆய்வாளரான கார்ஸ்டன் டொமினிக், தன் சொந்தக் குறிப்புகளையும் வேலைத் திட்டங்களையும் ஒழுங்குபடுத்த 2003-ல் எழுதியது. மற்றவர்களுக்கும் பிடித்துப்போய், 2007-ல் வந்த ஈமேக்ஸ் 22-லிருந்து கூடவே வருகிறது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத்தலைப்பு. வகுப்புக் குறிப்பு, சமன்பாடு, ஓட்டிப் பார்க்கிற நிரல் எல்லாம் ஒரே கோப்பில். ஒரு கட்டளையில் அதையே எச்.டி.எம்.எல். ஆக்கலாம். நீங்கள் படிக்கிற இந்தக் கட்டுரையும் அப்படி வந்ததுதான். நாளைக்கு ஈமேக்ஸே இல்லாமல் போனாலும் சாதாரண நோட்பேடில் திறக்கும்.

தமிழ் வருமா என்று கேட்பீர்கள். வரும். ஜப்பானிய மொழிக்காக ஹண்டா கெனிச்சி என்பவர் செய்யத் தொடங்கிய வேலை, பல மொழிகளுக்கும் விரிந்து 1997-ல் ஈமேக்ஸ் 20-ல் சேர்ந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஜப்பானிய எழுத்து. மூல நிரல் திறந்திருந்ததால் செய்தார். அந்த வழியில் பிறகு இந்திய மொழிகளும் வந்தன. இன்று தமிழை ஒலிப்படி தட்டும் முறை அதிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

சோதிக்க வேண்டுமானால் ஈமேக்ஸைத் திறந்து கண்ட்ரோல்-எச் அழுத்திவிட்டு, மறுபடி எச் மட்டும் அழுத்துங்கள். உலக மொழிகளிலெல்லாம் வாழ்த்து வரிசையாக வரும். கீழே இறங்கிக்கொண்டே போங்கள். ஒரு வரியில் வணக்கம் இருக்கும்.

என் அமைப்புக் கோப்பில் இப்போது நாற்பத்து மூன்று வரிகள். அதில் ஏழு நானே எழுதியவை. அந்த ஏழில் ஒன்று ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே இன்னும் புரியவில்லை. ஆனால் செய்கிறது.