காணாமல் போன இகரம்

போன மாதம் வீடு மாறும்போது பழைய பிஸ்கட் டப்பாவில் ஒரு பிளாப்பி கிடைத்தது. 1.44 எம்.பி. மேலே என் கையெழுத்தில் "கிள்ளை – ஒப்பாரி". அண்ணாமலை நகரில் ஆய்வு மாணவனாக இருந்தபோது கிள்ளைப் பக்கம் போய் ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதிய பாட்டுகள். ஆய்வேட்டுக்குள் போனது கொஞ்சம்தான். மீதியெல்லாம் இதில் இருந்தது. ஒலிநாடாவில் பூஞ்சை பிடித்துப் பல வருஷம் ஆச்சு. பாட்டியும் இப்போது இல்லை.

டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிக் கோப்பைத் திறந்து, திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினேன். எல்லாம் வந்துவிட்டது, ஒரே ஒரு எழுத்தைத் தவிர. "ல்லை", "ங்கே", "ரண்டு" என்று தலையில்லாமல் நிற்கின்றன சொற்கள். கோப்பு முழுக்கத் தேடினாலும் ஒரு "இ" கூட இல்லை!

ஏன் என்று தோண்டினால் கதை 1960களுக்குப் போகிறது. 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினிதான் ஒரு பைட் என்றால் 8 பிட் என்பதைப் பரவலாக்கியது. 8 பிட்டில் 256 எண்கள்தான் அடங்கும். நினைவகம் கொள்ளை விலை விற்ற காலம். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் கொடுத்ததே பெரிய மனசு. அதில் முதல் 128 இடமும் ஆஸ்கி முறைப்படி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மற்ற மொழிகளுக்கு மிச்சம் 128.

நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்தம் தனிக் கணக்கு. 128 நாற்காலியில் 247 பேரை எப்படி உட்கார வைப்பது? எழுத்தை உடைக்கத்தான் வேண்டும். கொம்பு, கால், விசிறி எல்லாம் தனித்தனியாக ஆயின. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளை ஏற்றது. யானைத் தும்பிக்கை போட்ட பழைய "லை", "ளை" எல்லாம் அப்போது போயின. போகாமல் இருந்திருந்தால் நெருக்கடி இன்னும் கூடியிருக்கும்.

இட நெருக்கடிக்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. அதில் "தமிழ்" என்று அடித்தால் கணினிக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு போச்சுன்னா எல்லாம் போச்சு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து இரண்டு தரங்கள் வந்தன. ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த டாப் ஒன்று, தமிழுக்கு மட்டுமான டாம் இன்னொன்று. இன்னொரு பக்கம் இணையத் தமிழர்கள் பலர் திஸ்கியில் எழுதினார்கள். ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு மேல் 128இல் தமிழை அடுக்கியது திஸ்கி.

அந்த அடுக்கில் "இ" உட்கார்ந்த இடம் 173. அங்கேதான் வினை. மேலை நாட்டுத் தரத்தில் 173 என்பது வரி உடையும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு இணைப்புக்கோடு. மற்ற நேரத்தில் சில மென்பொருள்கள் அதை மறைக்கும், சில நீக்கியே விடும். இது தெரிந்ததும் திஸ்கி 1.7இல் "இ"க்கு 254இல் இன்னொரு இடமும் கொடுத்தார்கள். என் கோப்பு அதற்கு முந்தியது. பைட் பைட்டாகப் பார்த்தேன். 173 ஓர் இடத்திலும் இல்லை. எந்தக் கணினியில் எந்த மென்பொருள் துடைத்ததோ!

1991இல் வந்த யூனிகோடு ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனி இடம் தந்து இந்தச் சண்டையை முடித்தது. ஆனாலும் பழைய வாசனை போகவில்லை. இஸ்கி என்ற இந்திய 8 பிட் தரத்தை அடியொற்றியதால் தமிழுக்குக் கிடைத்த கட்டமும் அதே 128 இடம்தான். "தமிழ்" திஸ்கியில் 4 பைட், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். 140 பைட் கொண்ட ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து போகும், தமிழில் 70 குறிகள்தான். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு.

சரி, என் பாட்டுகளுக்கு வருகிறேன். தமிழில் சொல்லுக்கு முதலில் மெய் வராது, "ற", "ன" வராது. அதனால் "ல்லை"யும் "றங்கி"யும் எளிதாகச் சரியாகிவிட்டன. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன்.

ஒரு இடம் மட்டும் நிற்கிறது. புருஷனைப் பறிகொடுத்தவள் பாடும் பாட்டு. அதில் "மை நனைந்தது" என்று இருக்கிறது. பாட்டி பாடியது மையா, இமையா? இரண்டும் பொருந்துகிறது. மை என்றால் இனி அவள் இட்டுக்கொள்ளாத மை. இமை என்றால் வெறும் அழுகை. அந்த மண் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவன் நான்தான். எனக்கே ஞாபகம் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய பிளாப்பி, சி.டி. கிடந்தால் இந்த வாரமே திறந்து பாருங்கள். பாடியவர் இருக்கும்போதே பார்த்துவிட்டால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.