அப்பப்பாட சைக்கிளும் லண்டன் கோட்டும்

பழைய சைக்கிள் ஓட்டம் ஒன்று வைத்தால் என்ன என்று எங்கள் குழுவில் ஒருத்தர் கேட்டார். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் வெளிக்கிட்டு, பாலமீன்மடு வெளிச்சவீடு வரைக்கும் போறது. எல்லாரும் பழைய சைக்கிள், பழைய காலத்து உடுப்பு. சேருற காசில், நெடுந்தூரம் நடந்து பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்குச் சைக்கிள். எல்லாரும் சந்தோசமாகத் தலையாட்டினோம். உடுப்பு என்ன என்று பேசத் தொடங்கினதும் சண்டை வந்துவிட்டது. அந்தச் சண்டையை முடிக்கத்தான் வரலாற்றைத் தேடிப்போனோம். சண்டை முடியவில்லை, ஆனால் கனக்க விசயம் கிடைத்தது.

பழைய பாணி சைக்கிள் ஓட்டங்களில் எங்களுக்குப் பிடித்தது இத்தாலியின் 'லெரோய்க்கா'. 1997இல் டஸ்கனியின் கயோலே என்ற சின்ன ஊரில் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் தொடங்கினார். முதல் தடவை வந்தவர்கள் 92 பேர்தான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளைக் கிரவல் ரோட்டுகள் இருந்தன. அவற்றுக்குத் தார் ஊற்றி அழித்துவிடுவார்கள் என்ற பயத்தில், ரோட்டைக் காப்பாற்றத் தொடங்கிய ஓட்டம் அது. 1987க்கு முந்தின ரேஸ் சைக்கிள்தான் கொண்டுவரலாம் என்பது விதி. அங்கே பழசுக்கு ஒரு வேலை இருந்தது.

அடுத்தது லண்டன். 2009 சனவரியில் தொடங்கிய 'ட்வீட் ரன்'. கம்பளிக் கோட்டு, முழங்காலோடு நிக்கிற காற்சட்டை, தொப்பி, டை எல்லாம் போட்டு மெதுவாக நகரத்தைச் சுற்றி, நடுவில் தேத்தண்ணி குடித்துப் போவார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. 2012இல் சிட்னியில் மார்க் ஹவ்வா தொடங்கினது. கோட் சூட் போட்டு ஓடி, ஆண்களுடைய புற்றுநோய்க்கும் மனநலத்துக்கும் காசு சேர்க்கிறார்கள். நல்ல காரியம்தான். எங்கள் சண்டை இந்தப் படங்களைப் பார்த்ததால்தான் வந்தது. "நாங்களும் கோட் போடுவம்" என்றார்கள் பாதிப்பேர். மட்டக்களப்பு வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டால் வெளிச்சவீட்டைக் காணும் முன்னமே அம்புலன்ஸைக் காண வேண்டி வரும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஊரில் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் யார்? துரைமார். அந்தப் பழைய காலத்தில் எங்கட அப்பப்பாமார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டல்லவா உழக்கினார்கள்?

சைக்கிளே துரைமாரோட வந்த சாமான்தான், அதை மறுக்க ஏலாது. இரண்டு சில்லும் ஒரே அளவாக, செயின் போட்ட சைக்கிளை ஜோன் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் 1885இல் கொண்டுவந்தார். காற்றடைக்கிற ரயரை 1888இல் டன்லொப் கண்டுபிடித்தார். அதற்கு ரப்பர் வேண்டும். ரப்பர் கன்றுகள் 1876இலேயே இலங்கைக்கு, ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்துவிட்டன. அப்போ இங்கே வந்திறங்கின ராலி சைக்கிளின் ரயரில் இந்த மண்ணின் பாலும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எங்களுக்கு ஆசை.

28 அங்குலச் சில்லு, கம்பி பிரேக், டைனமோ லைட், பின்னால் அகலமான கரியர். துவிச்சக்கரவண்டி என்று கந்தோர்க் கடிதத்தில் எழுதுவார்கள், வீட்டில் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. வெளிநாட்டில் இதைத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். இங்கே அது வேலைக்காரன். கரியரில் மீன்பெட்டி கட்டி ஹோர்ன் அடித்துப் போனது. படுவான்கரையிலிருந்து தயிர்முட்டியும் விறகும் கொண்டுவந்தது. குருமண்வெளியில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கி மறுகா உழக்கினது. பாதை என்றால் எங்கட பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற மிதவை. வெளியூர் வாசகருக்காகச் சொல்லுறம். மண்முனையில் 2014இல் பாலம் வந்த பிறகு அந்தத் துறையில் பாதைக்கு வேலையில்லை. 1924இல் திறந்த கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்தது. பழைய பாலமும் நிக்கிறது.

யுத்த காலம் சைக்கிளுக்கு வேறொரு வரலாறு எழுதியது. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாமல் தடை இருந்தபோது ஊரே சைக்கிளில்தான் ஓடியது. பற்றறியும் தடைதான். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். எங்கள் பக்கத்திலும் சென்றியைக் கண்டால் இறங்கி உருட்ட வேண்டும். வீட்டில் கேட்டோம், அப்பா ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்: "ஏறினதை விட இறங்கினதுதான் கூட." வின்டேஜ் ஓட்டத்தில் இதற்கு என்ன உடுப்புப் போடுறது?

மறுகா சுனாமி. 2004 டிசம்பர் 26. நாங்கள் போக நினைத்த ரோட்டு முடிகிற பாலமீன்மடுவும், எதிர்ப்பக்கம் நாவலடியும் அடிபட்ட இடங்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீடு நின்றது, சுற்றியிருந்த வீடுகள் போயின. அந்த அழிவைப் பார்த்து எஃப். கே. டே, லியா மிஸ்பாக் டே என்ற அமெரிக்கத் தம்பதி 2005இல் 'வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் வேலையே இலங்கையில்தான். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 24,000க்கு மேல் சைக்கிள் கொடுத்தார்கள். பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், பள்ளிக்கூடம் தூரமான பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். அதற்காக உலகத்தின் பல மூலைகளில் ஆட்கள் சைக்கிளோடிக் காசு சேர்க்கிறார்கள். சைக்கிள் ஓடிச் சைக்கிள் கொடுக்கிற யோசனை எங்களுக்கு வெளியிலிருந்து வந்தது என்று நினைத்திருந்தோம். அது கிளம்பினதே எங்கட கடற்கரையிலிருந்து.

சைக்கிள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டை இருக்கிறது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் பழக்கினார்கள். ஒன்றரை வருசத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகினார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிளையே ஓடினார்களாம். எங்கள் குழுவில் அதிகம் பெண்பிள்ளைகள்தான். இதை வாசித்ததும், "அப்ப அம்மம்மாமார் எந்தச் சைக்கிள் ஓடினாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஒருத்தரும் ஓடவில்லை. பாரில் இருந்து போனவர்கள், கரியரில் இருந்து போனவர்கள். பழைய காலம் என்று நாங்கள் வேசம் கட்டினால், எங்களில் பாதிப்பேர் பின்னால்தான் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து கடன் வாங்கத் தேவையில்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் வைக்கிற மெதுவான சைக்கிளோட்டம். கால் நிலத்தில் முட்டக் கூடாது, கோட்டை விட்டு விலகக் கூடாது, கடைசியாக வாறவருக்குத்தான் பரிசு. லண்டன்காரர் கோட்டுப் போட்டு மெதுவாகப் போறதை நாங்கள் போட்டியாகவே வைத்திருக்கிறோம்! அதனால் வெளிச்சவீட்டடியில் கடைசி நூறு மீற்றர் மெதுவோட்டம் என்று முடிவாகியிருக்கிறது. முன்னுக்கு வாறவர் கூடக் காசு கட்ட வேண்டும்.

உடுப்பு அவரவர் இஷ்டம் என்று விட்டாயிற்று. அம்மம்மாட சீலையை உடுத்துக்கொண்டு, அப்பப்பாட பார்ச் சைக்கிளைத் தானே ஓடப்போவதாக ஒருத்தி சொல்லியிருக்கிறாள். செயினுக்குள் சீலை மாட்டாமல் இருக்க ஒரு கவர் தேடுகிறோம். அந்தச் சைக்கிளுக்குக் கொட்டர் பின்னும் தேய்ந்துபோய்க் கிடக்கு. திருத்துகிற ஐயா, "இது இப்ப கடையில வாறல்ல மனே, பழைய இரும்புக்குள்ள தேடித்தாறன்" என்றிருக்கிறார். கிடைத்ததும் திகதி சொல்லுவோம்.