யூதர் சமயச் சட்டத்தில் துதியுரை

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தை நம் அன்பர் பலர் கண்டிருப்பர். அங்கு ஓதப்பெற்ற துதியுரைகளுக்கு நெடிய வரலாறு உண்டு.

கி.பி. 70-ல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலியும் காணிக்கையும் நின்றன. வழிபாட்டின் பெரும்பகுதியை அதன்பின் இல்லமும் தொழுகைக் கூடமுமே தாங்கலாயின. கி.பி. 200-ஐ ஒட்டி யூதா ஹநாசி என்னும் பேரறிஞர் தொகுத்த மிஷ்னா என்னும் சட்டநூலின் முதற்பகுதி 'பெராக்கோத்', அதாவது துதியுரைகள். சட்டநூல் துதியில் தொடங்குவது வியப்பன்றோ!

உண்டு நிறைந்தபின் இறைவனைத் துதிக்க வேண்டுமென்பது உபாகமத்தின் கட்டளை. உண்ணுமுன் துதிப்பதோ பின்வந்த ரபிமார் விதித்தது. உலகம் இறைவன் உடைமை. துதியாமல் நுகர்வது ஆலயப் பொருளைக் கையாடுவதற்கு ஒப்பாகும் என்பது அவர்தம் வாதம். இரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்குச் சீட்டின்றிப் பயணம் செய்வோரே நினைவுக்கு வருகின்றனர். அப்பத்திற்கு ஒரு துதி, திராட்சைமதுவுக்கு ஒன்று, மரக்கனிக்கு ஒன்று, நிலத்து விளைவுக்கு வேறொன்று. நறுமணம், இடி, வானவில் இவற்றிற்கும் தனித்தனியே உண்டு. நாளொன்றுக்கு 100 துதிகள் கூறவேண்டுமென்றார் ரபி மேயிர். ஆயினும் உரிய காரணமின்றித் துதியுரை ஓதுதல் குற்றமே. இறைவன் திருநாமத்தை வீணே வழங்கலாகாது.

முப்பது நாள் காணாத நண்பரைக் கண்டால் இந்நாள்வரை வாழ்வித்தமைக்குத் துதி கூறுவர். பன்னிரு திங்கள் கடந்து கண்டாலோ, இறந்தோரை உயிர்ப்பிப்பவனே எனத் துதிப்பர்! விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

நற்செய்திக்குத் துதிப்பது எளிது. தீச்செய்திக்கும் துதி உண்டு என்பதே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. உற்றார் இறந்த துயரிலும், ஆடையைக் கிழித்துக்கொண்டு, இறைவனை மெய்யான நீதிபதி என்று சொல்லவேண்டும். மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டுமா என்று பிற்காலத்தார் வினவினர். துன்பத்தை மனமொப்பி ஏற்றலே கருத்து என்று விளக்கினர். இதைக் கைக்கொள்ளுதல் அரிது என்றே நமக்குத் தோன்றுகிறது.

வேண்டுதலுக்கும் மிஷ்னா வரம்பு கட்டுகின்றது. ஊருக்குத் திரும்புவோன் அழுகுரல் கேட்டு, அது தன் வீட்டில் எழுந்ததாக இராதிருக்கட்டும் என வேண்டினால், அது வீண்வேண்டுதலாம். நிகழ்ந்தது நிகழ்ந்துவிட்டது. தந்தி வழங்கிய நாட்களில், ஊரிலிருந்து வந்த உறையைப் பிரிக்குமுன் நம்மவர் வேண்டியதும் இத்தகையதே. நகருள் நுழையும்போதும் நீங்கும்போதும் வேண்டிக்கொள்ள அந்நூல் இடந்தருகிறது. கடந்த வழிக்கு நன்றி, இனிவரும் வழிக்கு வேண்டுதல்.