கொதிநீர் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனும்: ஒரு கோட்பாடு மாறிய வரலாறு

திருவனந்தபுரத்தின் பாப்பனங்கோட்டில், முன்னர் வட்டார ஆராய்ச்சிக்கூடமாக இருந்து 2007 முதல் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என வழங்கும் ஆய்வகத்தில், அசோக் பாண்டேயும் அவருடைய குழுவினரும் மரவள்ளிச் சக்கை, தேங்காய்ப் புண்ணாக்கு போன்றவற்றின் மீது நுண்ணுயிர்களை வளர்த்து நொதிகளைப் பெறும் முறையை நெடுங்காலம் ஆராய்ந்தனர். நீர் மிகக் குறைவாக உள்ள இத்திடநிலை நொதித்தலில் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வெப்பம் எளிதில் வெளியேறாமல் படுகையின் நடுவே தேங்குகிறது. அதைத் தணிக்கவும் சுவாசத்துக்காகவும் காற்று செலுத்தப்படுவதால், வெப்பத்தின் தாக்குதலும் ஆக்சிஜனின் தாக்குதலும் ஒரே உயிரணுவின் மீது ஒருசேர விழுகின்றன. இவ்விரண்டையும் தாங்கி வாழும் வெப்பநாட்ட நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு, எளிய கோட்பாடொன்று பிடி தளர்ந்த வரலாறும் ஆகும்.

ஆக்சிஜன் மூலக்கூறு உயிரணுவுக்குள் கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பெறும்போது சூப்பர் ஆக்சைடு என்னும் சிதைவூட்டும் பொருளாகிறது. 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் இதனை அழிக்கும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியை இனங்கண்டனர். காற்றில் வாழும் உயிர்களிடம் இந்நொதி உண்டு, காற்றில்லா நுண்ணுயிர்களிடம் இல்லை, ஆகவேதான் ஆக்சிஜன் அவற்றைக் கொல்கிறது என்னும் கோட்பாடு 1971இல் முன்வைக்கப்பட்டது. காற்றில்லா உயிர்கள் சிலவற்றிலும் அதே நொதி 1970களில் கண்டறியப்பட்ட பின்னரும், கோட்பாட்டின் எளிமையே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது எனலாம். அதே 1969இல்தான் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவை விவரித்தனர். ஆயினும் இவ்விரு ஆய்வுப் போக்குகளும் நெருங்கிச் சந்திக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

அச்சந்திப்புக்குக் களமாக அமைந்தது பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ். ஃபியாலாவும் ஸ்டெட்டரும் 1986இல் இத்தாலியின் வல்கானோ தீவுக் கடற்கரையின் வெப்பப் படிவுகளிலிருந்து பிரித்தறிந்த இந்த ஆர்க்கியா, 100 பாகை செல்சியசில் செழித்து வளரும் காற்றில்லா உயிர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் ஜென்னியும் மைக்கேல் ஆடம்சும் சக ஆய்வாளர்களும் 1999இல் இதில் சூப்பர் ஆக்சைடு ரிடக்டேஸ் என்னும் வேறொரு நொதியைக் கண்டறிந்தனர். டிஸ்மியூட்டேஸ் இரண்டு சூப்பர் ஆக்சைடுகளைச் சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஆக்சிஜனையும் தருவதால், விரட்ட வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதி மீண்டும் உள்ளேயே தோன்றுகிறது. ரிடக்டேசோ ரூப்ரெடாக்சின் என்னும் இரும்புப் புரதத்தின் வழியே எலக்ட்ரானைப் பெற்று, ஆக்சிஜனை வெளியிடாமல் பெராக்சைடை மட்டும் உருவாக்குகிறது. அதனைப் பெராக்சிடேஸ் நொதிகள் நீராக்குகின்றன.

அவ்வாய்வின் மிக நுட்பமான பகுதி இந்நொதிகள் செயல்படும் வெப்பநிலையைப் பற்றியது: உயிரின் உகந்த வளர்ச்சி வெப்பநிலையைவிட 80 பாகை குறைந்த நிலையிலும் அவை செயல்படுகின்றன. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைகிறது. கொதிநீர் குளிர்ந்த கடல்நீருடன் கலக்கும்போதுதான் இவ்வுயிர் ஆக்சிஜனைச் சந்திக்க நேர்கிறது. எனவே வெப்பநாட்ட உயிரின் பாதுகாப்பு, அது வளராத குளிரில் வேலை செய்ய வேண்டியதாயிற்று.

காற்றைச் சுவாசித்தே வாழும் வெப்பநாட்ட உயிர்களின் நிலை வேறு. 1996இல் ஜப்பானின் கொடகாராஜிமா தீவிலிருந்து விவரிக்கப்பட்ட ஏரோபைரம் பெர்னிக்ஸ் 90 பாகைக்கு மேலும் ஆக்சிஜனைச் சார்ந்தே வாழ்கிறது. இதன் பெராக்சிரெடாக்சின், பத்து அலகுகள் வளையமாக இணைந்த புரதம். அதன் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணு பெராக்சைடினால் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து உயிரணுவைக் காக்கிறது, பின்னர் வேறொரு புரதத்தால் பழைய நிலைக்கு மீட்கப்படுகிறது.

இந்த அறிவு பயிரியலுக்கும் சென்றது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பைரோகாக்கசின் ரிடக்டேஸ் மரபணுவை முதலில் புகையிலை உயிரணுக்களிலும் பின்னர் அராபிடாப்சிஸ் செடியிலும் புகுத்தினர். 2009இல் வெளியான ஆய்வின்படி, அந்நொதியைப் பெற்ற செடிகள் மிகு வெப்பத்தையும் மிகு ஒளியையும் சாதாரணச் செடிகளைவிட நன்கு தாங்கின.